ஒரே வீடு, ரெண்டு சமையல்கட்டு: செக்–சுலோவாக் பிரிவினையும் நம்ம 1953ம்

போன மாசம் எங்க தெருவுப் பையன் ஒருத்தன், குரூப் 1 பரீட்சைக்குப் படிக்கிறவன், என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டான். "அண்ணா, செக்கோஸ்லோவாக்கியா ரெண்டு நாடாப் பிரிஞ்சப்போ ஒரு துப்பாக்கி கூட வெடிக்கலையாமே? அதே வருஷங்கள்ல யூகோஸ்லாவியாவுல அவ்வளவு ரத்தம் ஓடுச்சு. இது எப்படிண்ணா? அவங்க நல்லவங்க, இவங்க கெட்டவங்கன்னு எழுதிட முடியுமா?"

கேள்வி நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. "நீ அங்க எதுக்குப் போற? நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவே ஒரு பாகப்பிரிவினையில மாட்டிக்கிட்டு ஒரு பக்கத்தை விட்டுக் கொடுத்து இன்னொரு பக்கத்தை வாங்கிக்கிட்ட ஜில்லாதான். முதல்ல அதைப் படி"ன்னு சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. அவனோட கைடு புத்தகத்தில் அது ஒன்றரை வரி. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முன்கூட்டியே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடறேன். செக்கும் சுலோவாக்கும் தனித்தனி சுதந்திர நாடுகள் ஆனாங்க. தமிழரும் தெலுங்கரும் 1953ல் பிரிஞ்சது இந்தியாவுக்குள்ள ரெண்டு மாநிலமா. ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா ஒரே அரசாங்கத்துக்குக் கீழ இருந்த ரெண்டு மொழிக்காரங்க, 'இனிமே தனித்தனியா சமைச்சுக்கலாம்'னு முடிவு பண்ணினா என்னென்ன சிக்கல் வரும்ங்கறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். தலைநகரம் யாருக்கு? எல்லைக்கோடு எங்கே? பேர் யாருக்கு? சொத்து எப்படி? கோட்டுக்குத் தப்பான பக்கத்துல நிக்கிறவங்க கதி என்ன?

அங்கே நடந்தது

1918 அக்டோபர் 28ல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. அதுக்கு முன்னாடி செக் மக்கள் ஆஸ்திரியா நிர்வாகத்திலும், சுலோவாக் மக்கள் ஹங்கேரி நிர்வாகத்திலும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தவங்க. மொழி ரெண்டும் ரொம்ப நெருக்கம். ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்குப் புரியும். ஆனா செக் பகுதியில தொழிற்சாலையும் படிப்பும் அதிகம், சுலோவாக்கியாவில விவசாயம் அதிகம். புது நாட்டுல எல்லா முடிவையும் பிராக் நகரமே எடுக்குது, நம்மளை சின்னத் தம்பி மாதிரி நடத்துறாங்கன்னு சுலோவாக்குகளுக்கு ஒரு மனத்தாங்கல் ஆரம்பத்துல இருந்தே உண்டு. 1939ல் ஹிட்லரின் நிழலில் ஒரு தனி சுலோவாக் அரசு வந்து, போர் முடிஞ்சதும் அது போச்சு.

இங்கே கவனிக்க வேண்டிய தேதி 1969 ஜனவரி 1. அன்னைக்குத்தான் செக்கோஸ்லோவாக்கியா கூட்டாட்சி ஆச்சு. செக் குடியரசு ஒண்ணு, சுலோவாக் குடியரசு ஒண்ணு, மேலே ஒரு மத்திய அரசு. கம்யூனிஸ்ட் கட்சி எல்லாத்தையும் கையில வெச்சிருந்ததால அது அப்போ காகிதக் கூட்டாட்சிதான். ஆனாலும் பிராட்டிஸ்லாவாவில் ஒரு சட்டமன்றம், ஒரு மந்திரிசபை, அலுவலகங்கள் எல்லாம் இருந்தது.

1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி போச்சு. உடனே வந்த முதல் சண்டை எதுக்குத் தெரியுமா? பேருக்கு நடுவுல ஒரு சின்னக் கோடு போடணுமா வேண்டாமான்னு. 'செக்கோ-சுலோவாக்கியா'ன்னு கோடு போட்டாத்தான் நாங்க தனியாத் தெரிவோம்னு சுலோவாக் பக்கம் கேட்டுச்சு. 1990ல் நடந்த இந்தத் தகராறை 'இணைப்புக்கோட்டுப் போர்'னே கிண்டல் பண்ணினாங்க. சிரிப்பா இருக்கலாம். ஆனா பேர்ல இடம் இல்லாதவன் வீட்டுலயும் இடம் இல்லைன்னு நினைக்கிறது மனுஷ சுபாவம். நம்ம கதையிலயும் இது வரும்.

1992 ஜூன் தேர்தலில் செக் பக்கம் வாக்லாவ் கிளாவுஸ், சுலோவாக் பக்கம் விளாதிமீர் மெச்சியார் ஜெயிச்சாங்க. கிளாவுசுக்கு வேகமான சந்தைச் சீர்திருத்தம் வேணும், அதுக்குப் பலமான மத்திய அரசு வேணும். மெச்சியாருக்கு தளர்ந்த கூட்டு வேணும், சீர்திருத்தம் மெதுவா வேணும். சுலோவாக்கியாவில ஆயுதத் தொழிற்சாலைகள் மூடிக்கிட்டு வேலை போய்க்கிட்டிருந்த நேரம். ரெண்டு பேரும் பேசிப் பார்த்தாங்க, ஒத்துவரலை. ஜூலை 17ல் சுலோவாக் சட்டமன்றம் இறையாண்மைப் பிரகடனம் செஞ்சது. அதிபர் வாக்லாவ் ஹாவல், பிரிவினைக்குத் தலைமை தாங்க மனசில்லாம, ராஜினாமா பண்ணிட்டார். நவம்பர் 25ல் மத்திய நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைச்சுக்கிற சட்டத்தை மயிரிழையில் நிறைவேற்றியது. டிசம்பர் 31 நள்ளிரவோட கதை முடிஞ்சது.

இதில் ஒரு உறுத்தல் உண்டு. மக்கள்கிட்ட யாரும் கேட்கலை. கருத்து வாக்கெடுப்பு நடக்கலை. அன்றைய கருத்துக்கணிப்புகள்ல ரெண்டு பக்கமும் பிரிவினையை ஆதரிச்சவங்க பாதிக்கும் ரொம்பக் குறைவு. ரத்தம் சிந்தலைங்கறது உண்மை. மக்கள் விருப்பப்படி நடந்ததான்னு கேட்டா, அதுக்குப் பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

இங்கே நடந்தது

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன மதராஸ் மாகாணம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்த கூட்டுக்குடும்பம். அதில் தெலுங்கு ஜில்லாக்கள் தனி மாகாணம் கேட்டது 1913ல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மாநாட்டுக் காலத்திலிருந்தே. காரணம் சுலோவாக்குகள் சொன்ன அதே காரணம்தான். தலைநகரத்துல உத்தியோகம், படிப்பு, பதவி எல்லாம் இன்னொரு மொழிக்காரங்க கையில இருக்கு, நாங்க ஜனத்தொகையில் பெரிசா இருந்தும் ரெண்டாம் இடத்துல நிக்கிறோம்ங்கறது.

சுதந்திரத்துக்கு அப்புறம் நேரு தயங்கினார். மதத்தின் பேரால ஒரு பிரிவினை நடந்து ரத்தம் காயாத நேரம். மொழியின் பேரால இன்னும் பிரிக்கணுமாங்கறது அவர் பயம். 1949ல் நேரு, வல்லபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா மூவர் குழு ஒரு அறிக்கை கொடுத்தது. ஆந்திரா அமைக்கலாம், ஆனா மதராஸ் பட்டணத்தின் மேல உரிமை கொண்டாடக் கூடாது. முடிச்சு அங்கேதான் விழுந்தது.

பட்டணத்துல தமிழ் பேசுறவங்கதான் பெரும்பான்மை. ஆனா தெலுங்கு பேசுறவங்க தலைமுறை தலைமுறையா அங்கே இருந்தாங்க. தெலுங்குப் பத்திரிகை, தெலுங்கு சினிமா, தெலுங்கு ஜில்லாக்களின் வியாபாரம் எல்லாத்துக்கும் மதராஸ்தான் மையம். "மதராஸ் மனதே"ன்னு அந்தப் பக்கம் கோஷம். இந்தப் பக்கம் ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம், "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்"னு கோஷம்.

1952 அக்டோபர் 19ல் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தி வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் காந்தியின் சீடர். நெல்லூரில் கோயில்ல எல்லாச் சாதியாரையும் விடணும்னு ஏற்கெனவே உண்ணாவிரதம் இருந்தவர். டில்லி அசையலை. மதராஸில் முதலமைச்சராக இருந்த ராஜாஜியும் அசையலை. 58வது நாள், டிசம்பர் 15 ராத்திரி, அவர் இறந்துபோனார். தெலுங்கு ஜில்லாக்கள் பத்தி எரிஞ்சது. ரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போச்சு. நாலே நாளில், டிசம்பர் 19ல், ஆந்திர ராஜ்யம் அமைக்கப்படும்னு நேரு அறிவிச்சார். தகராறு இல்லாத தெலுங்குப் பகுதிகள் மட்டும், பட்டணம் நீங்கலாக.

ஒரு மனுஷன் செத்த பிறகு நாலு நாளில் எடுக்க முடிஞ்ச முடிவை, அவர் உயிரோட இருந்த 58 நாளில் ஏன் எடுக்க முடியலை? நான் எத்தனை தடவை இந்த இடத்தைப் படிச்சாலும் இங்கேயே நின்னுடுவேன்.

தலைநகரம்

பிரிவினை ஏற்பாடுகளை ஆராய நீதிபதி வாஞ்சூ அனுப்பப்பட்டார். ஆந்திரத்துக்குத் தலைநகர் தயாராகிற வரை கொஞ்ச காலம் பட்டணத்திலேயே அலுவலகங்கள் இருக்கட்டும்ங்கற யோசனை வந்தது. ராஜாஜி ஒரேயடியா மறுத்தார். பாகம் பிரிச்சவன் மறுநாளும் அதே வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்ங்கற கணக்கு. சென்னை மாநகராட்சியிலயும் பட்டணம் தமிழர்களுக்கேன்னு தீர்மானம் ஆச்சு. 1953 மார்ச் 25ல் நேரு நாடாளுமன்றத்தில் அறிவிச்சார்: பட்டணம் மதராஸ் ராஜ்யத்துக்கு, ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே இருக்கும்.

1953 அக்டோபர் 1ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. தலைநகர் கர்நூல். ஏன் கர்நூல்? கடலோர ஆந்திரக்காரர்களுக்கும் ராயலசீமாக்காரர்களுக்கும் 1937ல் ஸ்ரீபாக் ஒப்பந்தம்னு ஒண்ணு நடந்திருந்தது. தலைநகர், ஐகோர்ட் ரெண்டில் ஒண்ணு ராயலசீமாவுக்குன்னு பேச்சு. அதன்படி தலைநகர் கர்நூலுக்கும் ஐகோர்ட் குண்டூருக்கும் போச்சு. கர்நூலில் போதுமான கட்டடம் கிடையாது. அரசாங்க அலுவலகங்கள் கூடாரம் போட்டு நடந்தன. தென்னிந்தியாவின் பெரிய பட்டணத்திலிருந்து கூடாரத்துக்குப் போனவங்களோட மனசை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

இதை மனசுல வெச்சுக்கிட்டு பிராக்கைப் பாருங்க. சுலோவாக்குகள் பிராக் எங்களுக்குன்னு கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பிராக் செக் நிலத்தின் நடுவுல இருக்கு. பிராட்டிஸ்லாவாவில் இருபது வருஷத்துக்கு மேலா அவங்களுக்குன்னு சட்டமன்றம் ஓடிக்கிட்டிருக்கு. சமையல்கட்டு ஏற்கெனவே தனி. 1993ல் நடுவுல இருந்த கதவைச் சாத்தினதுதான் பாக்கி. இங்கேயோ ஒரே அடுப்பு, அதுவும் எல்லைக்குப் பக்கத்துலேயே இருந்த அடுப்பு.

என் அபிப்பிராயத்தில் பையன் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான். சுமுகமாப் பிரியறதுக்கு நல்ல மனசு மட்டும் போதாது, வீட்டோட அமைப்பும் அதுக்குத் தோதா இருக்கணும்.

எல்லைக்கோடு: நம்ம ஜில்லா உள்ளே வருது

1953ல் சித்தூர் ஜில்லா முழுசா ஆந்திரத்துக்குப் போச்சு. திருத்தணியும் அதோட போச்சு. சித்தூர் ஜில்லாவே 1911ல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிய்ச்சு ஒட்டின ஜில்லா. தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்தது. வேங்கடமலைதான் தமிழகத்தின் வட எல்லைன்னு பழைய இலக்கியத்தைக் காட்டி, திருப்பதி வரைக்கும் வேணும்னு ம.பொ.சி. கேட்டார். மங்கலங்கிழார், கே.விநாயகம் மாதிரி அந்தப் பகுதிக்காரர்களும் வட எல்லைப் போராட்டத்தில் முன்னே நின்னாங்க. மறியல், சிறை எல்லாம் நடந்தது.

கடைசியில் படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். அவர் வைத்த விதி எளிமையானது. தாலுகாவைக் கணக்கில் எடுக்காதே, கிராமத்தை எடு. எந்த மொழி பெரும்பான்மைன்னு பார். பக்கத்து நிலத்தோட தொடர்ச்சி இருக்கான்னு பார். இதன்படி ரெண்டு சட்டமன்றமும் ஒத்துக்கிட்டு, 1959ல் நாடாளுமன்றத்தில் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டு உள்தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்து, செங்கல்பட்டு ஜில்லாவோட சேர்ந்தன. திருப்பதி அந்தப் பக்கமே நின்னது.

எல்லாரும் இங்கேயே நிறுத்திடுவாங்க. 'திருத்தணி கிடைச்சது'. ஆனா அது பண்டமாற்று. பதிலுக்கு செங்கல்பட்டு ஜில்லாவின் வடகோடியில், பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போச்சு. சேலம் ஜில்லாவிலிருந்தும் கொஞ்சம் போச்சு. இன்னைக்கு ஆந்திராவில் சத்தியவேடுன்னு சொல்ற பகுதி இதுதான். அதாவது 1960 மார்ச் 31 வரைக்கும் சத்தியவேட்டுக்காரரும் அச்சரப்பாக்கத்துக்காரரும் ஒரே ஜில்லா, ஒரே கலெக்டர்.

செக்–சுலோவாக் எல்லையிலும் இதே மாதிரி ஒரு சின்னப் பண்டமாற்று உண்டு. ஒரே நாடா இருந்தப்போ எல்லைக்கோடு எங்கே போகுதுன்னு யாரும் கவலைப்படலை. பிரிஞ்ச பிறகுதான், சில வீடுகளுக்கு ரோடு அந்தப் பக்கம், வாசல் இந்தப் பக்கம்னு தெரிஞ்சது. பேசி, 1997ல் உ சபோட்டூங்கற குடியிருப்பு சுலோவாக்கியாவுக்கும், சிடோனியேங்கற குடியிருப்பு செக் பக்கத்துக்கும் மாறுச்சு. அளவு ரொம்பச் சின்னது. ஆனா அங்கே இருந்தவங்களுக்கு அது சின்ன விஷயமா இருந்திருக்காது.

பெரியம்மா வீட்டுப் பத்திரம்

எனக்கு இது வெறும் படிப்பு விஷயம் இல்லை. என் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது சத்தியவேட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல. சின்ன வயசுல அச்சரப்பாக்கத்துல ரயில் ஏறி, பட்டணம் போய், கவரைப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிச்சுப் போவோம். ரோட்டோரப் பலகையில எழுத்து மாறும். ஜனங்க பேச்சு மாறாது. அந்த ஊர்ல பாதிப் பேர் வீட்டுல தமிழ், வெளியில தெலுங்கு; மீதிப் பேர் வீட்டுல தெலுங்கு, வெளியில தமிழ்.

ரெண்டு வருஷம் முன்னாடி பெரியப்பாவின் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டி வந்தது. பழைய கிரயப் பத்திரம் தமிழ்ல. 1960க்கு அப்புறம் உள்ள பத்திரங்கள் தெலுங்கில. பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பேரனுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

"நீ வாடா, உனக்குத்தான் பழைய தமிழ் படிக்க வரும்"னு பெரியம்மா போன் பண்ணாங்க. போனேன். நான் தமிழ்ப் பத்திரத்தைப் படிக்க, பேரன் தெலுங்குப் பத்திரத்தைப் படிக்க, கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால்னு ஒப்பிட்டுக்கிட்டே வந்தோம். நாலு எல்லையைச் சொல்ற இடத்துல ரெண்டு பத்திரத்துலயும் ஒரே வார்த்தை: செக்குபந்தி. அவன் தெலுங்குல படிச்சதும் நான் தமிழ்ல படிச்சதும் அந்த ஒரு இடத்துல மட்டும் ஒண்ணா விழுந்தது. பெரியம்மா சிரிச்சாங்க. ஒரு எல்லை மட்டும் ஒத்துப்போகலை. வடக்கே பழைய பத்திரத்துல ஒருத்தர் பேர், புதுசுல இன்னொருத்தர் பேர். அதைச் சரிபண்ண ஒன்றரை வருஷம் ஆச்சு. 1960க்கு முந்தைய பதிவைத் தேடி இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ், பிந்தையதைத் தேடி அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ்னு அலைஞ்சோம்.

"எங்களை யாருடா கேட்டாங்க?"ன்னு பெரியம்மா அன்னைக்குச் சொன்னாங்க. கோபமாச் சொல்லலை. அவங்களுக்கு ஆந்திராவின் மேல எந்தக் குறையும் இல்லை. அங்கே நல்லாத்தான் வாழ்ந்தாங்க. ஸ்ரீசிட்டி வந்த பிறகு பேரன்களுக்கு வேலையும் பக்கத்திலேயே கிடைச்சிருக்கு. ஆனா அந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

யாரைக் கேட்டாங்க?

நம்ம அரசியல் சட்டத்தின் 3வது பிரிவுப்படி, மாநில எல்லையை மாத்தற அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டா போதும். அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தணும்னு எங்கேயும் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் வாக்கெடுப்புக்குச் சட்டமே இருந்தும் நடத்தலை. இங்கே அந்தப் பேச்சே எழலை.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாம விட்டா தப்பு. செக்–சுலோவாக் விஷயத்துல மேலே இருந்த தலைவர்கள் பிரிஞ்சாங்க, கீழே ஜனங்க தயங்கினாங்க. ஆந்திரா விஷயத்துல கீழே ஜனங்க நாப்பது வருஷமாக் கேட்டாங்க, மேலே இருந்தவங்க தயங்கினாங்க. ஜனங்க கேட்காததை மேலே இருக்கறவங்க செஞ்சா, பெரும்பாலும் சத்தம் இல்லாம முடியும், வருத்தம் மட்டும் மிஞ்சும். ஜனங்க கேட்கறதை மேலே இருக்கறவங்க தள்ளிப்போட்டா, யாராவது சாகற வரைக்கும் போகும். பையனின் கேள்விக்கு இது ரெண்டாவது பதில்.

மூணாவது பதில், மேலே ஒரு கூரை இருந்ததா இல்லையாங்கறது. 1953ல் பிரிஞ்ச ரெண்டு பேருக்கும் மேலே டில்லி இருந்தது. தகராறுன்னா மத்தியஸ்தம் பண்ண படாஸ்கரை அனுப்ப ஒரு இடம் இருந்தது. செக்குக்கும் சுலோவாக்குக்கும் அப்போ அப்படி ஒரு கூரை இல்லை. ஆனா ஐரோப்பாங்கற கூரைக்குக் கீழே போகணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை இருந்தது. சண்டை போட்டா அந்த வாசல் திறக்காது. 2004 மே 1ல் ரெண்டு பேரும் ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாங்க. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் போச்சு. பிரிஞ்ச பதினஞ்சு வருஷத்துல கோடு மறுபடியும் மங்கிப்போச்சு.

பேரும் சொத்தும்

செக்கோஸ்லோவாக்கியாவின் சொத்தை ஜனத்தொகைப்படி ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்க. எங்கே கட்டடம் நிக்குதோ அது அங்கேயே. ராணுவத் தளவாடம், தூதரகம் எல்லாம் ரெண்டுக்கு ஒண்ணு. பொது நாணயம் கொஞ்ச காலம் ஓடட்டும்னு பார்த்தாங்க. 1993 பிப்ரவரி 8ல் அதுவும் முடிஞ்சது, பழைய நோட்டிலேயே ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டு நாணயமாக்கினாங்க. அப்படியும் வாய்த்தகராறு இல்லாம இல்லை. பழைய நாட்டுச் சின்னங்களை ரெண்டு பேரும் பயன்படுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டும், செக் குடியரசு பழைய கொடியை அப்படியே வெச்சுக்கிச்சு. சுலோவாக்கியாவுக்குச் சேர வேண்டிய சுமார் 4 டன் தங்கம் பிராக்கிலேயே மாட்டிக்கிட்டு 2000ல்தான் திரும்பிப் போச்சு.

இங்கே பேர் கதை வேற மாதிரி. ஆந்திரா தன் பேரோட வெளியே போச்சு. 1956ல் மலபார், தென் கன்னடமும் போச்சு. மிஞ்சினது முழுக்கத் தமிழ்நாடு. ஆனா பேர் மட்டும் பழைய 'மதராஸ் ராஜ்யம்'. தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்ங்கறதை முக்கியக் கோரிக்கையா வெச்சு விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27ல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13ல் உயிரை விட்டார். அந்தப் பேர் முறைப்படி வந்தது 1969 ஜனவரி 14ல். பிராக்கில் ஒரு சின்னக் கோட்டுக்காகச் சண்டை போட்டாங்கன்னு சிரிக்கறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கணும்.

பிரிஞ்ச பிறகு

கோட்டுக்குத் தப்பான பக்கத்துல நின்னவங்க கதை இன்னும் முடியலை. திருத்தணி பக்கத்துல தெலுங்கு வழியில் படிக்கிற பிள்ளைகள் இருக்காங்க. 2006ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தப்போ மொழிச் சிறுபான்மையினர் கோர்ட்டுக்குப் போய்த்தான் விலக்கு கேட்க வேண்டி வந்தது. அந்தப் பக்கம் பெரியம்மாவின் பேரனுக்குத் தமிழ் எழுதத் தெரியாததும் இதே கதையின் இன்னொரு முனை. ஒரு பக்கத்துக் குறையைச் சொல்லும்போது மறுபக்கத்துக் குறையையும் சேர்த்துச் சொல்றதுதான் நேர்மை.

அப்புறம் தண்ணி. 1953ல் பட்டணத்தை விடமாட்டோம்னு ஜெயிச்சோம். அந்தப் பட்டணத்துக்கே குடிதண்ணி இல்லாமப் போனப்போ யார்கிட்ட போனோம்? 1983ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதலமைச்சர்களா இருந்தப்போ தெலுங்கு கங்கை ஒப்பந்தம் ஆச்சு. கிருஷ்ணா தண்ணி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. சென்னைக்கு. 1996ல் அந்தத் தண்ணி கண்டலேறு கால்வாய் வழியா ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லை தாண்டிப் பூண்டி ஏரிக்கு வந்தது. ஒரு காலத்தில் கோடு கிழிக்க அடிச்சுக்கிட்ட அதே ஓரத்துலதான் இப்போ வாய்க்கால் ஓடுது.

பாலாறு கதை அவ்வளவு நல்லா இல்லை. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திராவில் குப்பம் பக்கமா ஓடி, வேலூர் வழியா வந்து நம்ம மாவட்டத்தில் வாயலூர் கிட்ட கடல்ல சேர்ற ஆறு. மேலே தடுப்பணை கட்டுறதும், உயரம் கூட்டுறதும், 1892ம் வருஷத்து மதராஸ்–மைசூர் ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு ஆட்சேபிக்கறதும், சுப்ரீம் கோர்ட் வழக்கும் தொடர்கதை. வெறும் மணலாக் கிடக்கிற பாலாற்றைப் பாலத்து மேல ரயில்ல கடக்கும்போதெல்லாம், பாகப்பிரிவினைப் பத்திரத்துல நிலத்தை எழுதினவங்க தண்ணியைச் சரியா எழுதாம விட்டுட்டாங்களோன்னு தோணும்.

பிரியறது அதோட நிக்கலை. 1997ல் எங்க ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாச்சு. போராடி வாங்கின திருத்தணி திருவள்ளூர் பக்கம் போச்சு. 2019 நவம்பர் 29ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாச்சு. நாங்களும் அதோட வந்தோம். அச்சரப்பாக்கத்தில் சில கடைப் பலகைகள்ல இன்னும் 'காஞ்சிபுரம் மாவட்டம்'னு இருக்கு. யாரும் உண்ணாவிரதம் இருக்கலை, யாரும் அழலை. கலெக்டர் ஆபீஸ் கொஞ்சம் பக்கத்துல வந்தது, அவ்வளவுதான். ஆந்திராவும் 2014ல் மறுபடி பிரிஞ்சது. அப்போ ஹைதராபாத்தைப் பத்து வருஷம் ரெண்டு பேருக்கும் பொதுத் தலைநகர்னு எழுதினாங்க. 1953ல் ஒரு நாள் கூட முடியாதுன்னு சொன்னது, 2014ல் பத்து வருஷம் சட்டத்திலேயே ஏறுச்சு. அனுபவம் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கு போல.

எங்க ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு, தெரிஞ்சிருக்கும். முப்புரம் எரிக்கத் தேர் ஏறிப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை நினைக்காமப் போனதால, தேர் அச்சு இங்கே முறிஞ்சுதாம். அச்சு இற்ற பாக்கம், அச்சரப்பாக்கம். புறப்படும்போது கேட்க வேண்டியவங்களைக் கேட்டுட்டுப் புறப்படணும்ங்கறது அந்தக் கதையின் சாரம்னு எங்க பாட்டி சொல்வாங்க.

இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "அண்ணா, பரீட்சையில இதை இருநூறு வார்த்தையில எழுதச் சொல்லுவான், எதை விடறது?"ன்னு கேட்டான். தேதியில எதை வேணும்னாலும் விடு, சத்தியவேட்டை மட்டும் விட்டுடாதேன்னு சொல்லி அனுப்பினேன்.